டச்சு படிக்கலாமா, ரஷ்யன் படிக்கலாமா?

மொழி கற்பதைப் பற்றிக் கொஞ்சம் தேடினாலே அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் போட்டு வைத்திருக்கும் பட்டியல் முன்னால் வந்து நிற்கும். டச்சுக்கு 24 வாரம், ரஷ்யனுக்கு 44 வாரம். அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் டச்சுப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே 44 வார வரிசையில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்க அதிகாரிகளுக்குப் போட்ட கணக்கு அது. அதுவும் வேறு வேலை இல்லாமல் வாரம் முழுக்க வகுப்பில் உட்காருகிறவர்களுக்கு. தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் வேலை பார்த்து, சாயங்காலம் ஒரு மணி நேரத்தைத் திருடிப் படிக்கிறவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

நான் முதலில் படித்தது ரஷ்யன். டச்சு பல வருடம் கழித்து, நெதர்லாந்தில் குடியிருந்தபோது. டச்சு புத்தகத்தில் சுலபமாக இருந்துவிட்டு, தெருவில் இறங்கியதும் கையை விரித்தது. ரஷ்யன் புத்தகத்தில் படுத்தி எடுத்தது. ஆனால் வாயைத் திறந்தால் யாராவது பதில் சொன்னார்கள், ரஷ்யனிலேயே. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இலக்கணத்தைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆனாலும் இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தமிழருக்கு அங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது.

ரஷ்யனில் வயதைச் சொல்ல 'ம்ன்யே த்வாத்ஸத் ல்யெத்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் போட்டால் 'எனக்கு இருபது வயது'. குளிர்கிறது என்றால் 'ம்ன்யே ஹோலத்ன': எனக்குக் குளிர். பிடித்திருக்கிறது என்றால் 'ம்ன்யே ந்ராவித்ஸா': எனக்குப் பிடிக்கிறது. ஆங்கிலக்காரருக்கு இந்த 'எனக்கு' பெரிய தலைவலி. அவருக்கு 'நான்' குளிராக இருக்க வேண்டும், 'நான்' ஒன்றை விரும்ப வேண்டும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்த ஒரு அமைப்போடு மூன்று வாரம் மல்லுக்கட்டினார். எனக்கு அது பாடமாகவே தெரியவில்லை.

இன்னும் இருக்கிறது. 'நான் மாணவன்' என்பதில் தமிழில் வினைச்சொல் கிடையாது. ரஷ்யனிலும் கிடையாது, 'யா ஸ்துத்யெந்த்', அவ்வளவுதான். 'வைத்திருக்கிறேன்' என்று சொல்லாமல் 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்கிறோமே, அதுதான் 'உ மின்யா யெஸ்த் க்னீகா'. 'ஒரு', 'அந்த' என்று ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சொருக வேண்டிய சார்புச்சொல் கிடையாது. நீ, நீங்கள் இரண்டும் உண்டு: 'தி', 'வி'. சொற்களை வாக்கியத்துக்குள் இடம் மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது. அழுத்தம் மட்டும் மாறும்.

வேற்றுமை என்றாலே பயமுறுத்துவார்கள். ரஷ்யனில் ஆறு. நமக்கு எட்டு என்று பள்ளியிலேயே ஒப்பித்தவர்கள் நாம். 'அண்ணனைப் பார்த்தேன்' என்று உருபு போடுகிறோம், 'படம் பார்த்தேன்' என்று உருபில்லாமலும் சொல்கிறோம் இல்லையா? ரஷ்யனிலும் உயிருள்ள ஆண்பால் பெயர் செயப்படுபொருளாக வந்தால் உருமாறும், உயிரற்றது மாறாது. 'பிராத்' (சகோதரன்) 'பிராதா' ஆகும். 'ஃபில்ம்' ஃபில்மாகவே நிற்கும். நம் திணைப் பிரிவில் விலங்குகள் அஃறிணைக்குப் போய்விடும், ரஷ்யனில் நாயும் பூனையும் உயிருள்ள பக்கம். வித்தியாசம் அதுதான்.

சரி, அப்படியென்றால் ரஷ்யன் சுலபமா? இல்லை. தமிழில் 'ஐ' என்றால் எல்லாப் பெயருக்கும் 'ஐ'. 'கு' என்றால் 'கு'. ரஷ்யனில் ஒவ்வொரு வேற்றுமைக்கும் பெயரின் பாலைப் பார்த்து, ஒருமையா பன்மையா பார்த்து, ஈற்று மெய் மெல்லிசா கடினமா பார்த்து வேறு வேறு விகுதி. பெயருக்கு முன்னால் வரும் அடைமொழியும் கூடவே மாறும். எண்களும் மாறும். வயது சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்: 21 என்றால் பின்னால் வரும் 'வருடம்' என்ற சொல் 'கோத்', 22 என்றால் 'கோதா', 25 என்றால் 'ல்யெத்'. பத்தொன்பது வரைக்கும் சரியாகச் சொல்லிவிட்டு இருபத்தொன்றில் மாட்டிக்கொள்வது எல்லோருக்கும் நடக்கும். கருத்து நமக்குச் சொந்தம், விகுதிகள் சொந்தமில்லை. அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது.

வினைச்சொல்லில் இன்னொரு கதை. ரஷ்யனில் பெரும்பாலான வினைகள் ஜோடியாக வரும், ஒன்று நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல, மற்றது முடிந்ததைச் சொல்ல. 'பிஸால்' என்றால் எழுதினான், எழுதிக்கொண்டிருந்தான். 'நபிஸால்' என்றால் எழுதிவிட்டான். இந்த 'விட்டான்' என்ற நம் துணைவினை பாதிக் கிணற்றைத் தாண்ட வைக்கும். எனக்கு எப்போது சந்தேகம் வந்தாலும் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். 'விட்டேன்' ஒட்டினால் இரண்டாவது வடிவம், ஒட்டாவிட்டால் முதலாவது. பத்துக்கு ஏழு தடவை சரியாக வரும். ஆனால் அந்த இரண்டாவது வடிவம் எப்படி அமையும் என்பதற்குத்தான் விதி இல்லை. 'பிராத்' (எடுப்பது) என்பதன் ஜோடி 'வ்ஸ்யாத்'. 'கவரீத்' (பேசுவது, சொல்வது) என்பதன் ஜோடி 'ஸ்கஸாத்'. எங்கேயிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது.

'போ' என்ற ஒரே வினையை வைத்துக் காலம் தள்ளிய நமக்கு ரஷ்யனின் போக்குவரத்து வினைகள் நிஜமாகவே சோதனை. நடந்து போவது வேறு, வண்டியில் போவது வேறு. அதிலும் இப்போது ஒரு திசையில் போவது வேறு, வழக்கமாகப் போய் வருவது வேறு: 'இத்தீ', 'ஹதீத்', 'யேஹத்', 'யெஸ்தித்'. முதல் வருடத்தில் ஆசிரியையிடம் பெருமையாக 'யா இத்தூ வ் மஸ்க்வூ' என்றேன், மாஸ்கோ போகிறேன் என்ற நினைப்பில். அவர் சிரிக்காமல் என் செருப்பைக் குனிந்து பார்த்தார். நான் சொன்னதன் பொருள், மாஸ்கோவுக்கு நடந்தே போகிறேன்.

எழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கிரில்லிக்கில் 33 எழுத்துகள். 247 எழுத்தை அட்டவணை போட்டுப் படித்தவருக்கு அது இரண்டு வார வேலை. ஆங்கில எழுத்து மாதிரியே இருந்து வேறு ஒலி தருகிற சில எழுத்துகள் மட்டும் ஏமாற்றும். ஆங்கில 'பி' போல இருப்பது அங்கே 'ர்', 'எச்' போல இருப்பது 'ந்', 'சி' போல இருப்பது 'ஸ்'. 'ரெஸ்தரான்' என்ற பலகையைப் பார்த்து 'பெக்டோபா' என்று படிக்காத புதியவர் கிடையாது. கையெழுத்து மட்டும் இன்னொரு உலகம். சில சொற்கள் வெறும் அலை போல ஓடும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பில் உண்மையான ஆபத்து அசை அழுத்தம். எழுத்தில் அது குறிக்கப்படாது, எந்த அசையிலும் விழலாம், விழாத அசையில் 'ஒ' என்பது 'அ' ஆகிவிடும். 'மொலொகோ' என்று எழுதி 'மலகோ' என்று பால் கேட்க வேண்டும். அழுத்தம் மாறினால் பொருளும் மாறும். 'பிஸாத்' என்று பின்னால் அழுத்தினால் எழுதுவது. 'பீஸத்' என்று முன்னால் அழுத்தினால் சிறுநீர் கழிப்பது. 'எனக்கு எழுதப் பிடிக்கும்' என்று அறிமுகம் செய்துகொள்கிறவர்கள் கவனமாக இருப்பது நல்லது. இதற்கு மேல், மெய்யெழுத்துகளில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொல்லும் மென்மையான வகை ஒன்று உண்டு. மேலே 'பிராத்' என்று இரண்டு இடத்தில் எழுதினேன், கவனித்தீர்களா? சகோதரனுக்கும் எடுப்பதற்கும் தமிழ் எழுத்தில் ஒரே வடிவம்தான் வருகிறது. ரஷ்யன் காதுக்கு அவை வேறு வேறு, கடைசித் 'த்' ஒன்றில் கடினம், மற்றதில் மெல்லிசு. நமக்குச் சாதகமானது ஒன்றும் சொல்கிறேன்: ஐரோப்பியர் பலர் திண்டாடும் ஒரு ரஷ்ய உயிர், நம் 'காது', 'பாட்டு' சொற்களின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்துக்குப் பக்கத்து வீடு. அதை நாக்கில் கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும்.

இப்போது டச்சு.

ஆங்கிலம் தெரிந்த யாருக்கும் டச்சு செய்தித்தாளை முதல் நாள் கையில் எடுத்தால் ஒரு மயக்கம் வரும். 'வாட்டர்', 'ஹாண்ட்', 'வார்ம்', 'வின்டர்', 'ஆப்பல்', 'பூக்'. பாதி தெரிந்த மாதிரி இருக்கும். அந்த மயக்கம் முழுப் பொய்யும் இல்லை. படிக்கிற திறன் உண்மையிலேயே சீக்கிரம் வந்துவிடும். சில சொற்கள் காலை வாரும். 'ஸ்லிம்' என்றால் ஒல்லி இல்லை, புத்திசாலி. 'பிராண்ட்' என்றால் தீ.

நமக்கென்று டச்சு தனியாகச் சில சலுகைகளும் தருகிறது. ஒன்று குறில் நெடில். 'மன்' என்றால் ஆண், 'மான்' என்றால் நிலா. 'பொம்' வெடிகுண்டு, 'போம்' மரம். நம் காதுக்கு இது இயல்பு. இரண்டாவது, வினை கடைசியில் வருவது. 'இக் ஹெப் ஹிஸ்தரன் அன் பூக் ஹலேஸன்' என்ற வாக்கியத்தில் இரண்டாவதாக நிற்கும் துணைவினையை மட்டும் நீக்கிவிட்டுப் படியுங்கள்: நான், நேற்று, ஒரு, புத்தகம், படித்த. அப்படியே தமிழ் வரிசை. 'ஏனென்றால்', 'என்று' போன்ற சொற்களால் இணைத்த துணை வாக்கியங்களில் வினைகள் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கடைசிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலக்காரர்கள் அங்கே மூச்சுத் திணறுவார்கள், நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது: 'தொஹ்' என்று ஒரு சின்னச் சொல். 'உனக்குத் தெரியும்தானே?' என்பதில் வரும் 'தானே' அது. இதைப் போல 'வெல்', 'மார்', 'ஹோர்' என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அகராதியில் பார்த்தால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. 'தான்', 'ஏ', 'ஆவது' என்றெல்லாம் ஒட்டிப் பேசி வளர்ந்தவருக்கு அவை எந்த வேலை செய்கின்றன என்பது காதிலேயே பிடிபடும். ரஷ்யனிலும் இந்த ரகம் உண்டு என்றாலும் டச்சில் இது இல்லாமல் நாலு வாக்கியம் பேச முடியாது.

தொல்லைகள்? 'தெ', 'ஹெட்' என்று இரண்டு சார்புச்சொற்கள். எந்தப் பெயருக்கு எது என்பதைப் பெரும்பாலும் ஊகிக்க முடியாது. ரஷ்யனில் சொல்லின் கடைசி ஒலியைப் பார்த்தே பெரும்பாலும் பாலைச் சொல்லிவிடலாம். டச்சில் வீடு 'ஹெட்', மேசை 'தெ', அவ்வளவுதான். முக்கால்வாசி 'தெ' என்பதால் குருட்டாம்போக்கில் 'தெ' போட்டு ஓட்டலாம். செல்லமாகச் சின்னதாக்கும் '-யே' விகுதி சேர்த்தால் எல்லாமே 'ஹெட்' ஆகிவிடும் என்பதால், சந்தேகம் வந்தால் சொல்லைச் சின்னதாக்கிவிடுவது மாணவர்களின் பழைய தந்திரம். கேட்பவருக்குக் குழந்தை பேசுவது போல இருக்கும், தப்பு மட்டும் இருக்காது.

ஒலிகளில் தொண்டையை உரசும் அந்த 'ஹ்' பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். நமக்கு அது அவ்வளவு மோசமில்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் நெதர்லாந்தின் தெற்கிலும் அது 'மகன்' என்ற சொல்லின் நடுவில் வரும் 'க' அளவுக்கு மென்மையாகவே ஒலிக்கும். கடினமானவை உயிர்கள். உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்ல வேண்டிய ஒன்று, 'வீடு' என்ற சொல்லில் வரும், தமிழில் எழுதவே முடியாத இன்னொன்று. அப்புறம் மெய்களின் நெரிசல். பயத்தில் அலறுவதற்கான டச்சுச் சொல்லில் எட்டு மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்கும்; நியாயமான சொல்தான். ரஷ்யனும் இதில் சளைத்ததில்லை. 'பார்வை' என்பதே 'வ்ஸ்க்ல்யாத்'. இரண்டு மொழியிலும் சொல்லுக்கு முன்னால் ஒரு 'இ' சேர்த்து, 'இஸ்கூல்' பாணியில் தப்பிக்கப் பார்க்கும் நம் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

எண்ணும் நேரமும் டச்சில் கண்ணிவெடி. 25 என்பது 'ஐந்தும் இருபதும்'. தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லுவார்கள், நாம் எழுதும்போது ஒவ்வொரு ஜோடியும் தலைகீழாகும். 'ஹால்ஃப் த்ரீ' என்றால் மூன்றரை இல்லை, மூன்றை நோக்கிப் பாதி, அதாவது இரண்டரை. இதைப் படித்திருந்தும், பல் மருத்துவரிடம் வாங்கிய முதல் நேரத்துக்குச் சரியாக ஒரு மணி நேரம் பிந்திப் போய் நின்றேன். வரவேற்பில் இருந்தவருக்கு இது புதிதில்லை போல. ஆங்கிலத்தில் மன்னித்தார்.

ஆங்கிலத்தில். அதுதான் டச்சின் உண்மையான கஷ்டம். நெதர்லாந்தில் திரைப்படங்களையும் தொடர்களையும் பெரியவர்களுக்கு டப் செய்வதில்லை, அடியில் எழுத்து போட்டு மூல மொழியிலேயே ஓட்டுவார்கள். சின்ன வயதிலிருந்து ஆங்கிலம் காதில் விழுந்து வளர்ந்த மக்கள். ஆங்கிலத் திறனில் ஆங்கிலம் பேசாத நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் பல ஆண்டுகள் முதலிடம் அவர்களுக்குத்தான். உங்கள் டச்சில் ஒரு தடுமாற்றம் தெரிந்தால் போதும், உதவி செய்கிற எண்ணத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உட்ரெக்டில் என் தெருமுனை ரொட்டிக் கடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் 'மஹ் இக் அன் ஹால்ஃபியே ஃபோல்கோரன்?' என்று பாதி ரொட்டி கேட்பேன். வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போன வாக்கியம். கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு சனிக்கிழமையும் 'ஸ்லைஸ்ட்?' என்று ஆங்கிலத்தில் கேட்பார், வெட்டித் தரவா என்று. அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, என் மொழிப் பயிற்சிக்கு அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? நியாயம்தான். ஆனால் மூன்றாவது மாதம் எனக்கு அழுகையே வந்தது. பிறகு 'டச்சு பழக ஆசைப்படுகிறேன்' என்று நேராகச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து 'ஹஸ்னேதன்?' என்று கேட்டார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. நூலகங்களில் நடக்கும் 'தால்கஃபே' என்ற பேச்சுச் சந்திப்புகளும், கொஞ்சம் வயதானவர்களும்தான் எனக்கு நிஜமாகப் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு, பொது ஒளிபரப்பில் தினமும் வரும் சிறுவர் செய்தி 'யூஃத்ஜுர்னால்' நல்ல தொடக்கம்.

ரஷ்யனில் இந்தப் பிரச்சினை தலைகீழ். பெரிய நகரங்களின் இளைஞர்களை விட்டால், ஆங்கிலத்துக்கு மாறி உங்களைக் காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்த பாட்டி உங்கள் விகுதியைத் திருத்துவார், திருத்திவிட்டுக் கேள்வியைத் தொடர்வார். படங்களைக்கூட ரஷ்யனில் டப் செய்தே பார்க்கும் ஊர். பேசியே ஆக வேண்டும் என்ற நிலை மொழியை எவ்வளவு வேகமாக வளர்க்கும் என்பதை எந்த வாரக் கணக்கும் காட்டாது.

சரி, படித்து என்ன செய்வது?

பேசுகிறவர்கள் கணக்கில் இரண்டும் ஒப்பிடவே முடியாத அளவு. டச்சைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 2.5 கோடி, நெதர்லாந்து, பெல்ஜியத்தின் வடபாதி, தென் அமெரிக்காவின் சுரிநாம், கரீபியனில் சில தீவுகள். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் டச்சிலிருந்து பிறந்தது, எழுத்தில் பெரும்பகுதி புரிந்துவிடும். ரஷ்யனுக்குத் தாய்மொழியாளரே 15 கோடிக்கு அருகில். பெலாரஸ், கஜகஸ்தான், கிர்கிஸ்தானில் அலுவல் நிலை, ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகிற அமெரிக்கரும் ரஷ்யன் படித்தே ஆக வேண்டும். 1984இல் சோயூஸில் பறந்த ராகேஷ் சர்மாவும் அதைப் படித்துத்தான் போனார்.

ஆனால் தலையெண்ணிக்கை வேலை தராது. நெதர்லாந்தில் மென்பொருள், சிப் தொழில்நுட்பம், ஆராய்ச்சி எல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடும். டச்சு தெரியாமல் பத்து வருடம் இருக்கிறவர்கள் ஏராளம். மருத்துவர், செவிலியர், ஆசிரியர், அரசு அலுவலகம் என்று மக்களோடு நேரடியாகப் பழகும் வேலை என்றால் டச்சு இல்லாமல் கதவு திறக்காது. அங்கேயே தங்கிவிட நினைத்தாலும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். குடும்ப இணைப்பு விசாவில் போகிற பலருக்குப் புறப்படுவதற்கு முன்பே ஏ1 அளவில் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் முதல் படி; அடுத்தவை ஏ2, பி1) ஒரு தேர்வு உண்டு. திறன் பணியாளரின் துணைக்கு விலக்கு. குடியுரிமைக்கு ஏ2 கேட்கிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைப்புச் சட்டம் அதற்கு உட்பட்டவர்களுக்கு பி1 என்று உயர்த்திவிட்டது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நேரத்தில் குடிவரவுத் துறையான ஐஎன்டியிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யன் பக்கம் அதிகம் போகிறவர்கள் மருத்துவ மாணவர்கள். பாடம் ஆங்கிலத்தில் என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள். வகுப்பறையில் அது உண்மைதான். ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கும் நோயாளி 'எங்கே வலிக்கிறது' என்பதை ரஷ்யனில்தான் சொல்லுவார். கிர்கிஸ்தான், கஜகஸ்தானிலும் பல இடங்களில் அப்படியே. முதல் வருடத்திலேயே மொழி வகுப்பை ஒப்புக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் மூன்றாம் வருடத்தில் விழிக்கிறார்கள். ரஷ்ய வழியிலேயே பட்டம் படிக்க விரும்புகிறவர்களுக்கு 'பத்ஃபாக்' என்ற ஓராண்டுத் தயாரிப்பு வகுப்பு உண்டு, அதன் முடிவில் முதல் நிலைச் சான்றிதழ் அளவுக்கு வந்துவிட வேண்டும்.

2022க்குப் பிறகு இந்தப் பாதை கரடுமுரடாகிவிட்டது என்பதை மறைக்க முடியாது. விசா, மாஸ்டர்கார்டு என்ற அட்டை நிறுவனங்கள் சேவையை நிறுத்தியதால் அவற்றின் வெளிநாட்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து நேரடி விமானம் கிடையாது, பல மேற்கத்திய நிறுவனங்கள் கடையை மூடிவிட்டன. ரஷ்யன் தெரிந்த உக்ரைனியர் சிலர் இப்போது அதில் பேச விரும்புவதில்லை. முதலில் கேட்டுவிட்டுப் பேசுவது மரியாதை. பத்து வருடம் கழித்து இந்த மொழி எந்த வேலையைத் தரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேலைக்காக மட்டும் ரஷ்யன் படிக்கிறேன் என்று யாராவது சொன்னால், எந்த வேலை, எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்பேன்.

படிப்பதற்காக என்றால் பேச்சே வேறு. ரஷ்ய இலக்கியத்துக்கும் தமிழ் வாசகருக்கும் உள்ள உறவு மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே புத்தகம் அச்சிட்ட காலத்திலிருந்து வருவது. மொழிபெயர்ப்பில் கேட்ட குரலை மூலத்தில் கேட்கும்போது, தெரிந்த பாட்டை முதல் தடவை நல்ல ஸ்பீக்கரில் கேட்டது போல இருக்கும். அதற்குத் தேவையான அளவு வர எனக்கு நான்கு வருடம் பிடித்தது, சிறுகதை வரைக்கும்தான். டச்சில் ஒரு வருடத்திலேயே நாளிதழ் படித்தேன், ஆனால் அந்த இலக்கியத்தைத் தேடி ஏங்கியதில்லை. இது என் குறையாகவும் இருக்கலாம்.

டச்சுக்கு இதில் ஈடாக ஒரு விஷயம் இருக்கிறது, அதுவும் வரலாற்று ஆய்வில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எதையும் எழுதி வைக்காமல் விட்டதில்லை. பழவேற்காடு, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் பற்றிய கடிதங்களும் கணக்குகளும் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் சென்னையிலும் கொழும்பிலும் குவிந்து கிடக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை அவை. பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் தமிழும் டச்சும் சேர்ந்து தெரிந்தவர்கள் அதிகம் இல்லை, வேலை மட்டும் மலையாக இருக்கிறது. அந்தக் காலத்து உறவின் மிச்சம் தமிழிலும் உண்டு: யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' டச்சின் 'கந்தோர்'தான், 'கக்கூஸ்' டச்சின் 'கக்ஹௌஸ்'.

என்னிடம் நேரில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. நெதர்லாந்துக்கோ ஃபிளாண்டர்ஸுக்கோ போகப் போவது உறுதி, இரண்டு மூன்று வருடமாவது இருப்பீர்கள் என்றால் டச்சு. போவதற்கு முன்பே தொடங்குங்கள், ஏனென்றால் அங்கே போனபிறகு ஆங்கிலம் உங்களைச் சோம்பேறியாக்கிவிடும். போவது உறுதியில்லை என்றால் டச்சை எடுக்காதீர்கள். வீட்டிலிருந்து டச்சு படித்து, பேச ஆள் கிடைக்காமல் ஆறாவது மாதம் விட்டவர்கள் பலரைத் தெரியும். ரஷ்யாவோ மத்திய ஆசியாவோ போகிற மருத்துவ மாணவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்றைக்கே எழுத்தைத் தொடங்கலாம். எங்கேயும் போகவில்லை, மூளைக்கு ஒரு நல்ல வேலை வேண்டும், புத்தகம் படிக்க வேண்டும் என்றாலும் ரஷ்யன்தான். 'எனக்குக் குளிர்கிறது' என்பதை அப்படியே சொல்ல முடிகிற ஐரோப்பிய மொழியில் வருகிற உற்சாகம் முதல் ஆறு மாதத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். விகுதி அட்டவணைகளின் அலுப்பு ஏழாவது மாதம்தான் தாக்கும், அதற்குள் விட மனம் வராது.

இரண்டையும் படித்தால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. படிக்கலாம், ஒன்று பி1 தாண்டியபிறகு. ஒரே குடும்பத்தின் வேறு வேறு கிளைகள் என்பதால் ஒன்றோடொன்று அவ்வளவாகக் குழம்பாது. நடுவில் சில பழைய நண்பர்களையும் பார்ப்பீர்கள். 1697இல் ஜார் மன்னர் பீட்டர் கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள ஸாண்டாமுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போனார். அந்தக் காலத்தில் டச்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக ரஷ்யனுக்குள் இறங்கின: மாலுமிக்கு 'மத்ரோஸ்', கொடிக்கு 'ஃப்ளாக்', ஆரஞ்சுக்கு 'அப்பெல்சின்'. கப்பலின் மேல்தளத்தில் வெயிலுக்குப் போடும் விரிப்பை டச்சில் 'ஸொன்னெதெக்' என்பார்கள். ரஷ்யர்கள் அதை 'ஸோந்திக்' ஆக்கிக் குடைக்கு வைத்துக்கொண்டார்கள். '-இக்' என்பது ரஷ்யனில் சின்னதாக்கும் விகுதி என்பதால், இது சின்னக் குடை என்று நினைத்து, வால் பகுதியை வெட்டிப் பெரிய குடைக்கு 'ஸோந்த்' என்று ஒரு சொல்லையும் செய்துவிட்டார்கள். ஓயாமல் மழை பெய்யும் நெதர்லாந்தில் குடைக்கு அந்தச் சொல் கிடையாது. அங்கே அது 'பராப்ளூ', பிரெஞ்சிலிருந்து வாங்கியது.